வளையல் நுழையாத பெட்டி

நேற்று மரக்காணத்திலிருந்து திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து நெற்றியில் பரபரவென்று தேய்த்துக்கொண்டாள். மழைச்சாரல் அடித்ததால் ஜன்னலை இறக்கி விட்டிருந்தார்கள். வாசம் போக வழியில்லாமல் எங்களைச் சுற்றியே நின்றது. எனக்குக் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு, தலைவலி தாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று அவள் சொன்னாள். பரவாயில்லை என்றேன். அவள் அனுமந்தையில் இறங்கிப் போன பிறகும் அந்த இருக்கையில் வாசம் மிச்சம் இருந்தது. அங்கிருந்து வீடு வருகிற வரைக்கும் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். வாய்விட்டுப் பேசாததை இப்போது எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் உப்பளத்தில் கூடை சுமந்த நாட்களில் நீ மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வருவாய். முகத்துக்குப் பவுடர், நெற்றியில் சாந்து, தலைத்துண்டுக்குள் மறைந்து போகிற கொண்டையில் கனகாம்பரம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் வேர்வையில் கரைந்து போகும். மறுநாளும் அதே மாதிரி வருவாய். கூடைக் கணக்கு எழுதுகிறவர் ஒருநாள் உன்னைப் பார்த்து, உப்பு வாருவதற்கு எதற்கம்மா இவ்வளவு ஜோடனை என்று கேட்டுவிட்டார். நீ கூடையை இறக்காமலே பதில் சொன்னாய். "எங்க பாத்தாலும் வெள்ளையா கீது. எதுனா ஒரு கலரு வேணாமா?" அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு அப்படியெல்லாம் அலங்கரித்துக்கொள்ளத் தெரியாது. நீதான் என்னை நிறுத்தி வைத்துப் பொட்டை நேராக்குவாய், பின்னல் கோணலாக இருந்தால் அவிழ்த்துத் திரும்பப் போடுவாய். என் கல்யாணத்துக்கு என்னை ஜோடித்ததும் நீதான். பொண்ணு அழுதால் மை கரைந்துவிடும், வண்டி ஏறிய பிறகு அழுதுகொள் என்று என் காதில் சொன்னாய். நான் வண்டி ஏறியதும் நீ அழுததாக உன் வீட்டுக்கார அண்ணன் பிற்பாடு சொன்னார்.

குயிலாப்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு உப்புக்கும் எனக்கும் தொடர்பு விட்டது. இங்கே ஒரு மரப்பட்டறையில் வேலை கிடைத்தது. மேசை, நாற்காலி, புத்தக அலமாரி என்று ஆண்கள் செய்து முடிப்பதை நாங்கள் பெண்கள் உட்கார்ந்து தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தேய்க்கிற தாளுக்கு உப்புத்தாள் என்று பேர். அதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "உப்பே வேணாம்னு ஓடிப் போனவ, அங்க போயும் உப்பைத்தான் தேய்க்கிறியா?"

வருஷங்கள் ஓடின. உன் மகனுக்குக் கல்யாணமாகி பவானி வீட்டுக்கு வந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த கண்ணாடி மேசையைப் பார்த்து நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். ஆள் உயரக் கண்ணாடி, பக்கத்தில் இழுப்பறை, முன்னால் உட்கார ஒரு முக்காலி. பவானி துணிக்கடை வேலைக்குப் போன பிறகு நீதான் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாய். நான் வரும்போதெல்லாம் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, "வாடி செல்வி" என்பாய்.

எப்போது அந்தக் கண்ணாடியில் நீ என்னைப் பார்ப்பது நின்று போனது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சர்க்கரை உனக்கு முன்பே இருந்தது. கண்ணுக்கு என்று அண்ணனோடு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாய். என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம் என்று முடித்துவிட்டாய். நானும் அதோடு விட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வாசலில் யார் வந்தாலும் அவர்கள் வாயைத் திறக்கிற வரைக்கும் நீ பொதுவாகச் சிரித்துக்கொண்டிருப்பாய். குரல் கேட்டதும்தான் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாய். டீ டம்ளரை வைக்கும்போது முதலில் விரல் மேசையின் விளிம்பைத் தேடும். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "நடுவுல கீதா?" என்று கேட்பாய். கொஞ்சம் தள்ளியிருந்தால் நான் பேச்சுவாக்கில் நகர்த்தி வைப்பேன். இரண்டு பேரும் அதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

அனுமந்தையில் நம்மோடு உப்பு சுமந்தவளின் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது உனக்குக் கடுமையான ஜலதோஷம். என்னென்னவோ கலந்து கிடந்த கண்ணாடி மேசையிலிருந்து முகக்கிரீம் என்று நினைத்துத் தைலத்தை எடுத்து முகம் முழுக்கப் பூசி, அதன்மேல் பவுடரும் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய். அடைத்த மூக்குக்கு வாசம் தெரிந்திருக்காது. எரிச்சல் தெரிந்தபோது பேருந்தில் பாதி வழி வந்திருப்பாய். மண்டபத்தில் உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் என்ன ஆச்சு, ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். "சந்தோஷம்தாங்க. நம்ம கையில வளர்ந்த பொண்ணு" என்றாய் நீ. அவர்களுக்கும் கண் கலங்கிவிட்டது. நான் கிட்டே வந்ததும் வாசத்தில் புரிந்துகொண்டேன். நீயும் என் மூச்சை வைத்தே நான் புரிந்துகொண்டதைத் தெரிந்துகொண்டாய் போல. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். அந்தப் பிடிக்கு ஒரே அர்த்தம்தான். நான் உன்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு நீ எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டாய். வண்ணம் இல்லாமல் இருக்க முடியாத நீ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாய். அந்த நினைப்புதான் என்னைப் பெட்டி செய்ய வைத்தது.

இத்தனை வருஷம் பட்டறையில் இருந்தும் மரத்தைத் தேய்த்திருக்கிறேனே தவிர அறுத்ததில்லை. மேஸ்திரியிடம் கேட்டேன். மூலையில் கிடந்த தேக்குத் துண்டுகளைக் காட்டி, எடுத்துக்கொள், மிஷின் பக்கம் மட்டும் போகாதே என்றார். சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கைரம்பத்தை வைத்து அறுத்தேன். முதலில் அறுத்த பலகைகள் ஒன்றுக்கொன்று சேரவே இல்லை. ஒரு மூலை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திரும்ப அறுத்தேன். ஒரு முழம் அகலம், ஒரு சாண் உயரம். பின்பக்கம் எண்ணெய்ப் புட்டி, பவுடர் டப்பா, சீப்பு நிற்க உயரமான அறைகள். முன்பக்கம் ஊக்கு, கொண்டை ஊசி, கண்ணுக்கு விடுகிற மருந்து, ஸ்டிக்கர் பொட்டு இதற்கெல்லாம் சின்னச் சின்ன அறைகள். பொட்டு அட்டையை விரலால் எடுப்பது சிரமமாக இருக்கும் என்று அந்த அறையின் அடிப்பலகையை மட்டும் சரிவாக வைத்தேன். விரலை வைத்து இழுத்தால் அட்டை தானாக மேலே ஏறி வரும். நடுவில் வளையலுக்கு ஓர் இடம். மேலே கீல் வைத்த மூடி.

கண்ணை மூடிக்கொண்டு நானே கையை விட்டுப் பார்ப்பேன். எங்காவது சிராய் குத்தினால் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்மூலை வரைக்கும் தேய்ப்பேன். அறைகளின் விளிம்பில் உளியால் மெல்லிய கோடுகள் வெட்டினேன். கிரீமுக்கு ஒரு கோடு, தைலத்துக்கு இரண்டு. விரல் பட்டால் எது எது என்று தெரிந்துவிடும். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? கண்ணைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியதே இல்லை, பெட்டியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

பவானி வேலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் அதைக் கொண்டு வந்தேன். நீ முக்காலியில் உட்கார்ந்திருந்தாய். மேசைமேல் வைத்து, "உனக்குத்தான், நானே செஞ்சேன்" என்றேன். உன் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் மூடியைத் தடவினாய், மோந்து பார்த்தாய், என்ன மரம் என்று கேட்டாய். திறந்து ஒவ்வோர் அறையாக விரலை விட்டாய். நான் உற்சாகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். இது பொட்டுக்கு, இது ஊக்குக்கு, இங்கே ரெண்டு கோடு இருக்கிறது பார், அது தைலம்.

உன் விரல் நின்றது.

"கோடு எதுக்கு?"

"தடவினாலே தெரியணும் இல்ல."

"யாருக்குத் தெரியணும்?"

நீ மூடியை மெதுவாகச் சாத்தினாய். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீ இன்னா கட்டினு வந்துகிறேன்னு சொல்லட்டா? பச்சைப் புடவை."

நான் கட்டியிருந்தது மெரூன். கண்ணாடியில் அது என் முன்னாலேயே தெரிந்தது. உன் முகமும் தெரிந்தது.

"ஆமா, பச்சைதான்" என்றேன்.

இன்றைக்கும் என்னால் அந்த வார்த்தையை விழுங்க முடியவில்லை. வளைகாப்பில் உன் பிடிக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டது வேறு. இது வேறு. நீ என்னைச் சோதிக்கக்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம். இல்லையென்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று காத்திருந்திருக்கலாம். உன் தோளைத் தொட்டு, இல்லைடி, எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். நான் பச்சை என்றதும், இதை எடுத்துக்கொண்டு போ என்று நீ சொன்னாய். நான் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கோபம்தான் வந்தது. விரல் தேயத் தேய வேலை செய்ததற்கு இதுதான் கூலியா என்று நினைத்தேன்.

அந்தக் கோடை முழுக்க நாம் பேசவில்லை. நான் போன் செய்தால் பவானி எடுத்து, அத்தை தூங்குறாங்க என்பாள். நான் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடுகிற சமயத்தில் ஒரு காலையில் நீயே போன் செய்தாய். நலமா என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "வளையல் உள்ள போவலடி" என்றாய்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நடுவுல கீற ரூமு சின்னதா கீது. ஒண்ணு போட்டா ஒண்ணு மாட்டிக்குது. வந்து சரி பண்ணிக் குடு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாய். "அன்னிக்கு இன்னா கலரு கட்டியிருந்த?"

"மெரூன்."

"பச்சைன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சிபோச்சி. உனக்குப் பொய் சொல்ல வராதுடி. கொரலு கீழ எறங்கிடுது."

அடுத்த பேருந்தில் வந்தேன். பெட்டி கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. உள்ளே எல்லாம் நான் சொன்ன வரிசையில் இல்லை. நீ உன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தாய். கொண்டை ஊசிக்கான இடத்தில் மாத்திரை, எண்ணெய்க்கான இடத்தில் பேத்தியின் ரிப்பன். தினமும் புழங்குகிற பெட்டிக்கு வருகிற பிசுக்கு அதன் விளிம்பில் வந்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ என் கையைப் பிடித்து உன் கையோடு சேர்த்து வைத்தாய். உன் விரல்கள் என் விரல்களைவிட ஒரு கணு நீளம். உள்ளங்கை அகலம். கூட்டாளிகளாகத் திரிந்த இத்தனை காலத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"நீ அளவு எடுத்தது உன் கைக்கு" என்றாய். "அப்புறம் அந்தக் கோடு. உப்புல ஊறின கையி இது. தோலு காச்சுப் போயி கெடக்குது. உன் கோடெல்லாம் இதுல எங்க தெரியும்? குண்டு ஆணி எதுனா அடிச்சி வையி."

நான் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகள் தோல் மெலிந்து சின்னச் சொரசொரப்பையும் சொல்லிவிடும். நீ கூடை பிடித்துப் பிடித்து உன் விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஒரே உப்பளத்தில் தொடங்கிய கைகள்தான். அந்தக் கோடுகளை வெட்ட நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டேன். அவற்றை நீ ஒருநாளும் உணர்ந்ததில்லை. அன்று உன் விரல் கோட்டுக்காக நிற்கவில்லை, நான் சொன்னதற்காகத்தான் நின்றிருக்கிறது.

மூடியும் வேண்டாம் என்றாய், எடுக்கப் போனால் கையில் விழுகிறதாம். வளையலுக்கு நிற்கிற மாதிரி ஒரு கம்பு வேண்டும் என்றாய். அன்று நாம் நெடுநேரம் பேசினோம். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று முதல் முறையாக முழுசாகச் சொன்னாய். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான், வலது கண்ணில் ஓரத்தில் கொஞ்சம் நிழல். பெட்டியை நான் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, "சீக்கிரம் கொண்டா. நீ வர்ற வரைக்கும் எல்லாத்தையும் ஒரு கவர்லதான் போட்டு வெக்கணும்" என்றாய். கண் கலங்காமல் சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்தாய். கதவின் நிலையைப் பிடித்தபடி, நான் போன திசைக்குக் கொஞ்சம் தள்ளிக் கையசைத்தாய். பொய் சொல்ல வராத நான், இந்தப் பக்கம்டி என்று குரல் கொடுத்தேன். நீ சிரித்துக்கொண்டே திரும்பினாய்.

மழை மறுநாளே பிடித்துக்கொண்டது. பட்டறையில் மின்சாரம் இல்லை. நான் வீட்டிலேயே உட்கார்ந்து நடுத் தடுப்பைக் கழற்றினேன், மூடியைப் பிரித்தேன், பித்தளை ஆணிகளை விளிம்பில் அடித்தேன். துடைப்பத்தின் உருண்டைக் கைப்பிடியை அறுத்து வளையல் கம்பு செய்தேன். பேருந்துகள் ஓடவில்லை. கடற்கரைச் சாலையில் தண்ணீர், உப்பளமும் கழுவெளி ஏரியும் ஒன்றாகிவிட்டன என்று அண்ணன் போனில் சொன்னார். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். உனக்கு மூச்சு வாங்குகிறது, சுற்று வழியில் புதுச்சேரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். நானும் புதுச்சேரிக்குப் போய்விடலாம் என்று பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பவானி கூப்பிட்டாள். அத்தை என்று சொன்னாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

தண்ணீர் வடியத் தொடங்கிய சாலையில் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தேன். பெட்டியை ஏன் கூடவே எடுத்து வந்தேன் என்று தெரியாது. கூடத்தில் உன்னைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மஞ்சள் எங்கே, பொட்டு எங்கே, சீப்பு எங்கே என்று பெண்கள் கேட்டார்கள். பவானி அந்தக் கவரைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. ஊக்கில் ரிப்பன், ரிப்பனில் சீப்பு. அவள் அதைப் பிரிக்க முயன்று முடியாமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

நான் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து உன் தலைமாட்டில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் அறையில் வைக்கத் தொடங்கினேன். நான் முதலில் நினைத்த வரிசையில் இல்லை, நீ மாற்றி வைத்திருந்த வரிசையில். வளையல்களைக் கம்பில் கோத்தேன். இடிக்காமல் போயின. கூட்டத்தில் ஒரு பெரியவர், நேரமாகிறது, இப்போது எதற்கம்மா இதெல்லாம் என்றார்.

"செய்யட்டும் விடுங்க" என்றாள் பவானி. அவள் அப்படி ஒருவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு அங்கிருந்து எடுத்து உன்னை ஜோடித்தேன். கிரீம், பவுடர், கண்ணுக்கு மை. எனக்கு ஜோடிக்கத் தெரியாது என்று உனக்குத்தான் தெரியும். பெரிய குங்குமம் வைப்பதற்கு முன்னால் உன் ஸ்டிக்கர் பொட்டை வைத்தேன். சரியாக நடுவில் இருக்கிறதா என்று பலமுறை பார்த்தேன். கேட்க வேண்டிய ஆள் கேட்கவில்லை. கனகாம்பரம் அந்த மழையில் கிடைக்கவில்லை. மல்லிகைதான் வைத்தார்கள். அது எனக்கு இன்னும் ஒரு குறை.

பெட்டி இப்போது பவானியிடம் இருக்கிறது. அவள் அதை அந்தக் கண்ணாடி மேசையிலேயே வைத்துக்கொண்டாள். நேற்று அவளைப் பார்க்கத்தான் வந்தேன். அண்ணனும் நன்றாக இருக்கிறார்.

இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். போன மாதம் பட்டறைக்கு ஒருவர் வந்தார். தன் அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது, சாமான்களைப் பிரித்து வைக்க ஒரு மரப்பெட்டி வேண்டும் என்று போனில் படமும் அளவும் காட்டினார். மேஸ்திரி என்னைக் கைகாட்டினார். அளவு இருக்கட்டும், அவங்களை நான் பார்க்கணும் என்றேன். அவர் யோசித்துவிட்டு என்னைத் தன் வண்டியிலேயே கூட்டிப் போனார்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் என்னை அறிமுகப்படுத்தியதும், "எனக்கு எல்லாம் நல்லாத்தாம்மா தெரியுது. இவன்தான் எதுனா சொல்லிக்கினு இருப்பான்" என்றார். சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். வாய் வரைக்கும் வந்த அதை நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாம்மா. அவளும் இப்பிடித்தான் சொல்லுவா" என்றேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "அவ பேரு இன்னா?"

உன் பேரைச் சொன்னேன். நீ போன பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். குரல் இறங்காமல்தான் சொன்னேன்.

அந்த அம்மா மெதுவாகக் கையை என் பக்கம் நீட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அதை என் கையில் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, உன்னிடம் கேட்காமல் விட்டதை அவரிடம் கேட்டேன்.

"எது எது எங்க இருக்கணும்னு நீங்க சொல்லுங்கம்மா. நான் அப்பிடியே செய்யறேன்."